லானா டெல் ரேயின் வெளிவராத பாடல்கள்: ரசிகர் தொகுப்புகள் முறையானவையா?

கேள்வி:
அமெரிக்கப் பாடகி லானா டெல் ரே பாடிப் பதிவுசெய்து, எந்த ஆல்பத்திலும் சேராமல் இணையத்தில் கசிந்த பாடல்களை, லிசி கிராண்ட் என்ற பெயரில் அவர் பாடிய காலத்திலிருந்தே ரசிகர்கள் தொகுத்து வைத்துள்ளனர். இவற்றைக் கேட்பதும் பாதுகாப்பதும் முறைதானா?

மறுமொழி 1:
பாதுகாப்பது அவசியம் என்றே கருதுகிறேன். 2010 ஜனவரியில் மின்வடிவில் வெளிவந்த அவரது முதல் ஆல்பம் சில மாதங்களிலேயே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ரசிகர்கள் படியெடுத்து வைத்திராவிட்டால் அவரது தொடக்கக்காலக் குரலைப் பின்னால் வந்தவர்கள் கேட்டிருக்க வாய்ப்பே குறைவு. பல ஆண்டுகள் கசிந்த வடிவிலேயே விரும்பிக் கேட்கப்பட்ட 'சே யெஸ் டு ஹெவன்' என்ற பாடல் 2023 மே மாதத்தில் முறைப்படி வெளியானதற்கும் அந்த வரவேற்பே காரணம் என்பது என் கணிப்பு.

மறுமொழி 2:
விற்பனைக்கு வந்து மறைந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை உங்களுடன் உடன்படுகிறேன். ஆனால் 2022இல், தம் காரிலிருந்து மடிக்கணினியும் வன்தட்டுகளும் திருடப்பட்டதைத் தெரிவித்த அவர், அவற்றிலுள்ள பாடல்கள் கசிந்தால் கேட்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுகோளை மீறுவது ரசிகருக்கு அழகல்ல.

மறுமொழி 3:
ரசிகர்கள் கூட்டாகப் பணம் திரட்டி, கசியவிடுபவர்களிடம் பாடல்களை வாங்கும் வழக்கமே திருட்டுக்கு ஊக்கமளிக்கிறது. ஏற்கெனவே பரவியவற்றின் ஆண்டு, இசையமைப்பாளர், மாற்று வடிவங்கள் ஆகியவற்றைச் சரிபார்த்துக் குறித்துவைக்கும் தொகுப்புகளை மட்டும் ஆதரியுங்கள்.