ஞாபகமே இல்லாத மறுபிறவி, அது நான்தானா?

மழைக்குருவி:
ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி. மறுபிறவி உண்டா இல்லையானு சண்டை போட வரல, உண்டுனே வச்சிக்குவோம். நான் செத்து இன்னொரு உடம்புல பொறக்குறேன், ஆனா எனக்கு தெரிஞ்ச முகம், நான் போட்ட சண்டை, பேசுன பேச்சு எதுவுமே அந்த குழந்தைக்கு தெரியாது. அப்புறம் எந்த கணக்குல அது "நான்"? 339வது குறள்ல சாவு தூங்குற மாதிரி, பிறப்பு தூங்கி முழிக்கிற மாதிரினு வள்ளுவர் சொல்றார். கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா தூங்கி முழிச்சா எனக்கு என் பேரு ஞாபகம் இருக்கே, யாருக்கு கடன் திருப்பி தரணும்ங்கறது கூட ஞாபகம் இருக்கு. இன்னொண்ணு, போன ஜென்மத்து பாவத்துக்கு இப்ப அனுபவிக்கிறோம்ங்கறாங்க, என்ன பண்ணோம்னே தெரியாதவனுக்கு தண்டனை குடுக்குறது என்ன நியாயம்? திட்டாம பதில் சொல்லுங்க, எந்த மதமா இருந்தாலும் பரவால்ல.

பழைய ஏடு:
தம்பி, ஞாபகத்தையும் உயிரையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறீங்க. சைவ சித்தாந்தத்துல உயிர் வேற, மனசு புத்தி எல்லாம் அதுக்கு குடுத்த கருவி. பிறவி மாறும்போது கூடவே வர்றது வினை. சேர்ந்து கெடக்குற மொத்த மூட்டை சஞ்சிதம், அதுல இந்த பிறவிக்குனு பிரிச்சு எடுத்தது பிராரத்தம், இப்ப புதுசா சேத்துக்கறது ஆகாமியம். இதுக்கெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருந்தே ஆகணும்னு கண்டிஷன் கிடையாது. ஒரு வயசுல நீங்க என்ன பண்ணீங்கனு தெரியுமா? தெரியாதுங்கறதால அந்த குழந்தை நீங்க இல்லனு ஆயிடுமா? குடிச்சிட்டு விழுந்தவனுக்கு ராத்திரி எங்க விழுந்தோம்னு தெரியாது, காலைல கால் மட்டும் வலிக்கும். வினையும் அப்படித்தான், கோர்ட்டு தண்டனை மாதிரி பாக்காதீங்க. வினைங்கறது சடம், அதாவது அறிவில்லாத பொருள், அதுவா வந்து ஒட்டாது, உரிய உயிர்கிட்ட சேத்து வைக்கிறது இறைவன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், கஷ்டப்படுறவனை பாத்து "உன் வினை, நீ அனுபவி"னு ஒதுங்கி போறவங்கள எனக்கும் புடிக்காது.

மழைக்குருவி:
ஐயா பொறுமையா எழுதுனதுக்கு நன்றி. ஆனா ஒரு வயசுல நான் பண்ணதுக்கு அம்மா சாட்சி இருக்காங்க, உடம்பும் அதே உடம்பு. போன பிறவிக்கு சாட்சி யாரு? அப்புறம், கால் வலிக்கு யாரும் வந்து சேத்து வைக்க வேணாம், விழுந்தா தானா வலிக்கும். சேத்து வைக்கிறதுக்குனு ஒருத்தர் இருக்கார்னா அது கோர்ட்டு இல்லாம வேற என்ன?

அரைத்தூக்கம்:
பௌத்தத்துல இது இன்னும் சிக்கல். நிலையான ஆத்மாவே இல்லங்கறாங்க, ஆனா மறுபிறப்பு உண்டாம், மொதல்ல படிச்சப்ப எனக்கு தலைகால் புரியல. மிலிந்தன்ங்கற கிரேக்க ராஜாவும் நாகசேனர்ங்கற பிக்குவும் பேசிக்கிற மாதிரி பாலி மொழில ஒரு பழைய நூல் இருக்கு, அதுல ராஜா அப்படியே உங்க கேள்விய கேக்குறார். மறுபடி பொறக்குறது அதே ஆளா வேற ஆளா? அதே ஆளும் இல்ல வேற ஆளும் இல்லங்கறார் பிக்கு. அப்போ பண்ண பாவத்துல இருந்து தப்பிச்சிடுவானேனு ராஜா மடக்க, இவர் ஒரு மாம்பழ திருடன் கதைய எடுத்து விடுறார். மாட்டிக்கிட்ட திருடன், "இவர் நட்டது வேற மாங்கா, நான் எடுத்தது வேற மாங்கா, அப்போ இவரோடத நான் திருடவே இல்லையே"ங்கறான். இவனை விட்டுடலாமானு கேட்டா ராஜாவே விட முடியாதுங்கறார், அது இல்லாம இது வந்திருக்காதுல்ல. உங்க தண்டனை கேள்விக்கு இது ஓரளவு பதில். சாவ நெனச்சு பயந்து இங்க வர்றவங்களுக்கு இதுல ஒரு ஆறுதலும் கிடையாது, அத ஒத்துக்கறேன்.

குறும்பன்:
1800 வாக்குல உலக ஜனத்தொகை சுமார் 100 கோடி, 2022ல 800 கோடி. மிச்ச உயிர் எல்லாம் எங்கேந்து வந்துச்சு சாமி?

அரைத்தூக்கம்:
இதே கேள்விய தெர்துல்லியன்ங்கற கிறிஸ்தவ அறிஞர் சுமார் 1800 வருஷம் முன்னாடியே கேட்டாச்சு 😄 மனுஷ உயிர் மனுஷனாத்தான் பொறக்கும்ங்கறவங்களுக்குத்தான் அது இடிக்கும். 84 லட்சம் யோனி பேதம், அதாவது அத்தனை வகை உயிரினமா பொறக்கலாம்ங்கறவங்க, கொசு கோட்டாவுலேந்து வந்துச்சுனு சொல்லிட்டு போயிடுவாங்க.

கேள்விக்குறி:
நான் மழைக்குருவி பக்கம். லைப்னிட்ஸ்ங்கற ஜெர்மன் தத்துவவாதி 1686லயே இத கேட்டுட்டார். ஒருத்தன் திடீர்னு சீன ராஜா ஆகுறான், ஆனா பழசு மொத்தமும் மறந்துடணும். அவன ஒழிச்சிட்டு அதே நொடியில சீனாவுல ஒரு ராஜாவ புதுசா படைச்சா என்னவோ அதேதான இதுவும், இதுக்கு அவன் ஏன் ஆசைப்படணும்ங்கறார். சரி ஞாபகத்தோட பொறந்த குழந்தைங்க இருக்காங்களேனு அடுத்து யாராவது வருவீங்க, அதனால நானே சொல்லிடறேன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல மனநல டாக்டரா இருந்த இயான் ஸ்டீவன்சன் இப்படி 2000க்கு மேல கேஸ் சேத்தார், 1966ல அதுல 20 கேஸ புக்கா போட்டார். பெரும்பாலும் ரெண்டு மூணு வயசுல பேச ஆரம்பிப்பாங்க, ஸ்கூல் போற வயசு தாண்டுனா அதுவா மறந்துடும். மனுஷன் நேர்ல போய் போய் விசாரிச்சார், அந்த உழைப்ப குறை சொல்ல மாட்டேன். ஆனா அவர் டேட்டாவையே பாருங்க, போன பிறவில ஆம்பளையா இருந்தேன்னு சொல்ற பொண்ணுங்க பர்மாவுல நிறைய, லெபனான்ல துரூஸ்ங்கற மதப் பிரிவு மக்கள்கிட்ட ஒரு கேஸ் கூட கிடையாது. துரூஸ் நம்பிக்கைப்படி ஆண் ஆணாத்தான் பொறப்பான், பெண் பெண்ணாத்தான். உயிர் நெஜமாவே உடம்பு மாறுதுனா எல்லா ஊர்லயும் ஒரே ரூலா தான இருக்கணும், அந்தந்த ஊரு நம்பிக்கைக்கு தகுந்த மாதிரி எப்படி வரும்? அவரே ஒரு நம்பர் பூட்டுக்கு ரகசியமா கோடு செட் பண்ணி வச்சிட்டு, செத்தப்புறம் முடிஞ்சா யாருக்காவது அத சொல்லி அனுப்புறேன்னு இருந்தார். 2007ல போயிட்டார், பூட்டு தொறந்ததா சேதி இல்ல.

பிறைநிலவு:
இஸ்லாத்துல மறுபிறவி இல்ல. ஒரே வாழ்க்கை, மௌத்துக்கு (சாவுக்கு) அப்புறம் பர்ஸக்ங்கற இடைப்பட்ட நிலை, கியாமத்ங்கற இறுதித் தீர்ப்பு நாள்ல எழுப்புறது. எழுப்பப்படுறது நீங்களேதான், செஞ்சது எல்லாம் பதிவேட்டுல இருக்கும், நீங்க மறந்து போனது உட்பட. அதனால "எனக்கு எதுக்கு தண்டனைனு தெரியலயே"ங்கற பேச்சுக்கே அங்க இடம் இல்ல சகோ.

பழைய ஏடு:
மழைக்குருவி, கோர்ட்டுனு நல்லா மடக்கிட்டீங்க. எங்க பக்கத்துல சொல்றது என்னன்னா, சேத்து வைக்கிறது பழிவாங்க இல்ல, ஆணவ மலம், அதாவது உயிர மறைச்சிருக்குற அறியாமை அழுக்கு, பக்குவம் ஆகறதுக்கு. வினைய அனுபவிச்சு தீக்கத்தான் உடம்பே குடுக்கறது, தீந்துடுச்சுனா திரும்ப பொறக்க வேண்டியதில்ல. கேள்விக்குறி சொன்ன சீன ராஜாவுக்கும் அதான் பதில், இங்க யாரும் அடுத்த பிறவிக்கு ஆசைப்படல, வேணாம்னுதான் வேண்டிக்கறோம். அம்மா சாட்சி விஷயத்துக்கு நான் என்ன சொன்னாலும் இறைவன் சாட்சினு தான் முடிப்பேன், நீங்க அத ஒத்துக்கவா போறீங்க.