கசிவுநீருக்கு ஆர்.ஓ. கொள்கலன்: யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமா?

வழுக்கியாறு

கல்லுண்டாய்க் குப்பைமேட்டால வடியிற கசிவுநீர்க் கதை எடுத்தாலே "ஒரு ஆர்.ஓ. கொள்கலன் இறக்கினால் முடிஞ்சுது" எண்டு ஆராவது எழுதுகினம் (ஆர்.ஓ. எண்டால் தண்ணியை அழுத்திச் சவ்வுக்குள்ளால தள்ளி வடிக்கிறது). இன்னொரு பக்கம் "காத்தடிச்சுக் கிருமியை வளத்து, புல்லு நட்டாப் போதும்" எண்டு ஒரு கோஷ்டி. ரெண்டு பேரும் கணக்கோட வாங்கோ.

கல்லுண்டாயின்ர அளவுகளை வைச்சுக் கதைக்கேல்லை, பேச்சுக்கு ஒரு மேடு எடுப்பம். 2 ஹெக்டேர், ஏறத்தாழ 80 பரப்பு. அடியில பிளாஸ்ரிக் தாள் போடாத பழைய மேடு. ஒரு முழம் செம்மண், கீழ சுண்ணாம்புக்கல். வருச மழை 1,250 மி.மீ., அதில 40 வீதம் உள்ள இறங்குதெண்டால் வருசத்துக்கு 10,000 கன மீற்றர், நாளுக்குச் சராசரி 27. சுத்திகரிப்புக்கு 30 எண்டு வைப்பம். தண்ணி பழைய மேட்டுத் தண்ணி: சி.ஓ.டி. (கரிம அழுக்கு முழுக்க ஒட்சியேறத் தேவையான ஒட்சிசன்) 4,000, பி.ஓ.டி. (அதில கிருமி தின்னக்கூடிய பங்குக்கு) 400, அமோனியா நைதரசன் 1,000, காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கிற சக்தி) 5,500, குளோரைட் 3,000 (எல்லாம் மி.கி./லீ.), பிஎச் 8.1.

வெளிய விட 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி சி.ஓ.டி. 250, பி.ஓ.டி. 30, அமோனியா நைதரசன் 50. இதைத் தாண்டக்கூடாது. தொடங்குங்கோ.

சவ்வுக்காரன்

இந்தத் தண்ணியிலயே விடை கிடக்கு. பி.ஓ.டி.யை சி.ஓ.டி.யால பிரிச்சால் 0.1. கிருமி தின்னக்கூடியது எல்லாம் எப்பவோ தின்னுபட்டிட்டுது. மிஞ்சினது மட்கின கரிமச் சேர்வை, கறுத்தத் தேத்தண்ணி நிறத்தில நிக்கிறது அதுதான். எவ்வளவு காத்தடிச்சாலும் சி.ஓ.டி. 3,000க்குக் கீழ வர மாட்டுது. 250 எண்ட எல்லையை உயிரியல் முறை மட்டும் தொடாது. சவ்வு ஒரே தரத்தில அதுக்குக் கீழ இறக்கும். கொள்கலனில வருது, நாலு மாசத்தில ஓடும்.

நுண்ணுயிரி

அண்ணை, உங்கட சவ்வு கரிமத்தைப் பிடிக்கும், ஒத்துக்கொள்ளுறன். அமோனியாவைப் பிடிக்குமோ? பிஎச் 8.1, தண்ணிச் சூடு 30 பாகை எண்டால் அமோனியாவில 9 வீதம் வாயு வடிவத்தில கரைஞ்சு நிக்கும். மின்னேற்றம் இல்லாத அந்தப் பங்கு சவ்வுக்குள்ளால சும்மா போகும். 1,000இல 90. எல்லை 50. அந்த ஒரு பங்கிலயே தோத்துப் போனியள்.

சவ்வுக்காரன்

அதுக்குத்தான் அமிலம். பிஎச்சை 6.5க்கு இறக்கினால் வாயுப் பங்கு அரை வீதத்துக்கும் கீழ. மிச்சம் அமோனியம் அயன், அதைச் சவ்வு மறிக்கும். பத்தாட்டி ரெண்டாம் தரம் விடுறது.

நுண்ணுயிரி

எவ்வளவு அமிலம் எண்டும் எழுதுங்கோவன். காரத்தன்மை 5,500 இருக்கிற தண்ணியை 6.5க்கு இறக்க ஒரு கன மீற்றருக்கு 2 - 3 கிலோ கந்தக அமிலம் வேணும். நாளுக்கு 60 - 90 கிலோ. அமிலம் விழுந்த உடன கரியமில வாயு கிளம்பித் தாங்கி விளிம்பால நுரை தள்ளும், அதனால தாங்கியின்ர மேல் மூண்டில ஒரு பங்கு வெறுமையா இருக்க வேணும், அமிலமும் சொட்டுச் சொட்டாத்தான் போக வேணும். சல்பேற் கூடினால் கல்சியம் சல்பேற் சவ்வில கல்லாப் படியும். அதுக்குப் படிவுத்தடுப்பு மருந்து. அந்த மருந்தும் அமிலமும் ஒரு கிழமை பிந்தினால் உங்கட கொள்கலன் வெறும் இரும்புப் பெட்டி.

என்ர வழி, கிருமியை வைச்சு அமோனியாவை முதல் நைத்திரைற்றா, பிறகு நைத்திரேற்றா மாத்திறது: ரெண்டு தாங்கி, ஒவ்வொண்டும் 125 கன மீற்றர், தொகுதி முறை. 12 மணித்தியாலச் சுற்று: 2 மணி காத்தில்லாமல் கலக்கிக்கொண்டு நிரப்பல், 8 மணி காத்து, 1 மணி அடைய விடல், 1 மணி மேல்தண்ணி எடுத்தல். ஒரு சுற்றில ஒரு தாங்கிக்குள்ள போறது 7.5 கன மீற்றர்தான், 6 வீதம். அதால தாங்கிக்குள்ள அமோனியா 60க்கு மேல ஏறாது. இதுதான் சூட்சுமம். பாதித் தாங்கியை வெறுமையாக்கிப் புதுத் தண்ணியை ஒரேயடியா விட்டியளெண்டால் வாயு அமோனியா ரெண்டாம் கட்டக் கிருமியைக் குத்தும், நைத்திரைற்றோட வேலை நிண்டிடும். பிறகு ஆய்வுகூடத்தில சி.ஓ.டி. கூடக் காட்டும், ஏனெண்டால் 1 மி.கி. நைத்திரைற் நைதரசன் 1.14 மி.கி. சி.ஓ.டி.யாத் தெரியும். கனபேர் இதை விளங்காமல் காத்தை இன்னும் கூட்டிக் கரண்ட் காசைக் கொட்டுறவை.

தொ.உ.

கரண்ட் எவ்வளவு?

நுண்ணுயிரி

1 கிலோ நைதரசனுக்கு 4.57 கிலோ ஒட்சிசன். நாளுக்கு 30 கிலோ நைதரசன், அப்ப 137 கிலோ. களத்தில ஒரு அலகு மின்சாரத்துக்கு 1 கிலோ ஒட்சிசன் கரைஞ்சால் கெட்டித்தனம். நாளுக்கு 140 அலகு, 7.5 கிலோவாற் ஊதி ரெண்டு: ஒண்டு ஓட, ஒண்டு ஓய்வில. கரண்ட் அரை நாள் போனாலும் கிருமி சாகாது, ஆனால் வந்த உடன முழு அளவு ஊட்டாமல் பாதியில தொடங்க வேணும்.

ஊரெழு

இவ்வளவு நேரமும் ரெண்டு பேரும் 50 எண்ட இலக்கத்தைத்தான் துரத்துறியள். அமோனியா எங்க போகுது? நைத்திரேற்றாப் போகுது. 1,000 மி.கி. நைதரசனை முழுக்க மாத்தினால் நைத்திரேற்றா 4,400 மி.கி./லீ. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவு 50. வலிகாமத்துக் கிணறுகளில நைத்திரேற் கூடிக் கிடக்கெண்டு எத்தினை வருசமாக் கதைக்கிறம்? உரமும் மலக்குழியும் போட்டது காணாதெண்டு கசிவுநீரையும் 'சுத்திகரிச்சு' அதே பாவத்துக்குள்ள ஊத்தப் போறியளோ?

ஆத்தில விட்டால் ஓடிப்போகும் எண்ட நாட்டுக்குத்தான் அந்த எல்லைகள் பொருந்தும். எங்களுக்கு இருக்கிறது மாரிக்கு மட்டும் ஓடுற வழுக்கியாறும், பரவைக் கடலும், நிலாவரைக் கிணறு மாதிரிக் குகை ஓடின கல்லும். கல்லுக்குள்ள வடிகட்டல் கிடையாது, வெடிப்பால நேர இறங்கும். சுன்னாகத்தில கழிவெண்ணெய் கிணறுகளுக்கு வந்ததைப் பாத்த பிறகும் 'மண் வடிகட்டும்' எண்டு ஆரும் எழுதினால் என்ன செய்யிறது.

நுண்ணுயிரி

அதுக்குத்தான் அந்த முதல் 2 மணித்தியாலக் காத்தில்லாத கட்டம். நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி விடுறது. இன்னொரு லாபமும் இருக்கு: 1 கிராம் நைதரசன் மாற 7.14 கிராம் காரத்தன்மை தின்னும். 1,000க்கு 7,140 வேணும், கையில 5,500. பாதி நைத்திரேற்றை வாயுவாக்கினால் 1,785 திரும்பி வரும், கணக்கு நேராகும். இல்லாட்டி பிஎச் 6க்கு விழுந்து கிருமி வேலைநிறுத்தம் செய்யும், சுண்ணாம்பு கொட்ட வேண்டி வரும்.

ஊரெழு

பாதி போனால் மற்றப் பாதி? 500 மி.கி. நைதரசன், நைத்திரேற்றா 2,200. முழுக்க எடுக்க கரிமம் எங்க? உங்கட தண்ணியிலதான் பி.ஓ.டி. 400க்கு மேல இல்லையே.

சவ்வுக்காரன்

இதுக்கு நான் கணக்குச் செய்து தாறன். 1 கிலோ நைதரசனுக்கு நாலரைக் கிலோ சி.ஓ.டி. நாளுக்கு 135 கிலோ. புளிச்ச பனங்கள்ளில 5 வீதம் மதுசாரம் எண்டால் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 83 கிராம். நாளுக்கு 1,600 லீற்றர் கள்ளு ஊத்த வேணும். ஊர்த் தவறணை எல்லாத்தையும் குப்பைமேட்டுக்கு எழுதி வையுங்கோ. 😀

நுண்ணுயிரி

சிரிக்கலாம். கள்ளு எண்டு ஆர் சொன்னது? மொலாசஸ் பாகு, நெல்லு அவிச்ச தண்ணி, பழச்சாறு ஆலைக் கழுவல், எது மலிவோ அது. கூட ஊத்தினால் பி.ஓ.டி. வெளிய போகும், குறைய ஊத்தினால் நைத்திரேற் போகும். அதால மேல்தண்ணி எடுக்க முதல் நைத்திரேற் தாள்ச் சோதனை ஒவ்வொரு சுற்றும் வேணும். அமோனியாவுக்கு மீன்தொட்டிச் சோதனைக் குப்பியே போதும், ஆனால் வடிநீரை 10 மடங்கு, உள்வரும் தண்ணியை 1,000 மடங்கு ஐதாக்கித்தான் பாக்கலாம். ஐதாக்காமல் பாத்து 'உச்ச நிறம்' எண்டு எழுதி வைக்கிறதில பிரயோசனமில்லை.

தொ.உ.

ஆராவது மாரியைக் கணக்கில எடுத்தியளோ? ஐப்பசி கார்த்திகையில ஒரே நாளில 100 மி.மீ. பெய்தால் 2 ஹெக்டேரில 2,000 கன மீற்றர். உங்கட ரெண்டு பேற்ற இயந்திரமும் நாளுக்கு 30. சராசரியை வைச்சுக் கட்டினது கார்த்திகையில வழிஞ்சு ஓடும், ஆடியில காஞ்சு போய்க் கிடக்கும், கிருமியும் பட்டினியில செத்துப்போம்.

ஆவியாக்கற் குளம் எண்டு ஒரு வேற திட்டம் அடிக்கடி வரும். அதுக்கும் கணக்கு: 3,000 சதுர மீற்றர் குளம், கோடையில நாளுக்கு 5 மி.மீ. எண்டால் எட்டு மாசத்தில 3,600 கன மீற்றர் போகும். அதே குளத்துக்கு மேல வருச மழை 3,750 கன மீற்றர் விழும். மாரியிலயும் கொஞ்சம் ஆவியாகும், எண்டாலும் மிஞ்சி 1,000 கன மீற்றர்தான் உண்மையில போகுது. அதுக்கு 12 பரப்புக் காணி.

முதல் செய்ய வேண்டியது மேட்டை மூடுறது. உச்சியை நாலைஞ்சு வீதம் சரிவா உருட்டி, பக்கம் 1:3, மேல தாள், அடியைச் சுத்தி நல்ல மழைத்தண்ணிக்குத் தனி வாய்க்கால். உள்ளிறங்கிறது 40 வீதத்தில இருந்து 8 வீதத்துக்கு வந்தால் வருசம் 2,000 கன மீற்றர், நாளுக்கு ஐந்தரை. அதுக்குப் பிறகு எந்த இயந்திரம் எண்டு அடிபடுங்கோ.

சவ்வுக்காரன்

மூடினால் தண்ணி குறையும், செறிவு கூடும். அதோட முதல் ஒண்டு ரெண்டு வருசம் மேட்டுக்குள்ள ஊறிக் கிடக்கிறது வடிஞ்சுகொண்டே இருக்கும். ஐந்தரை எண்டு நம்பித் தாங்கி கட்டாதேங்கோ. அதோட சோழகக் காத்துக்கு அந்தத் தாள் எத்தினை நாள் நிக்கும்?

தொ.உ.

பாரம் வைக்காமல் விரிச்சால் வைகாசியிலயே பறக்கும். விளிம்பை 60 சென்ரிமீற்றர் கானுக்குள்ள புதைச்சு, மேல ரெண்டு மீற்றருக்கு ஒரு கயித்து வரி, கயித்தில மண்மூட்டை. பழைய ரயர் வைக்கிறதெண்டால் பக்கச்சுவரை வெட்டித் துளைச்சு வையுங்கோ, இல்லாட்டி கசிவுநீரை நிப்பாட்டி டெங்கை வளக்கிறதாப் போம். வாயு போக நாலு பரப்புக்கு ஒண்டா 110 மி.மீ. துளைக்குழாய். வாயுவை அடைச்சு மூடினால் தாள் ஊதிப் பலூனாகும், விளிம்பால மெதேன் வரும், பீடி ஒண்டு காணும்.

கசிவுநீரைச் சேர்க்கிற மேட்டடிக் கான்: தாள் 1.5 மி.மீ. எச்.டி.பி.ஈ. (அடர்த்தி கூடின பொலித்தீன்), அதுக்குக் கீழ 10 சென்ரிமீற்றர் மணல், ஏனெண்டால் எங்கட கல்லு முனை குத்தும். குழாய் 160 மி.மீ., சரிவு 1 வீதம், 40 மீற்றருக்கு ஒரு கழுவும் வாய். வடிதுணியைக் குழாயில சுத்தாதேங்கோ, இரும்பும் சுண்ணாம்பும் படிஞ்சு ஒரு மாரியில அடைபடும். நிரப்பிற கல்லு வன்னிக் கருங்கல்லா இருக்க வேணும். கிட்டக் கிடைக்குதெண்டு சுண்ணாம்புக்கல்லுச் சல்லி போட்டால் புதுக்குப்பையின்ர புளிச்ச தண்ணி அதைக் கரைச்சு, கீழ்முனையில திரும்பக் கல்லாக்கிக் குழாயை மூடும். விலைமனுவில 'சல்லி' எண்டு மட்டும் எழுதினால் சுண்ணாம்புக்கல்தான் வரும். கசிவுநீர் சேருற கிணத்துமோட்டர் வார்ப்பிரும்பில வேண்டாம், 316 துருவேறா உருக்கு. மிதவைச் சுவிச்சு சளியில ஒட்டி நிண்டு மோட்டர் வறட்டு ஓட்டம் ஓடி எரியிறதுதான் வழமையான சாவு. கிழமைக்கு ஒருக்கா ஹோஸால அடிச்சுக் கழுவுங்கோ. மேல நிண்டு. கிடங்குக்குள்ள ஒருத்தரும் இறங்கப்படாது, ஐதரசன் சல்பைட்டுக்கு ரெண்டு மூச்சுப் போதும்.

பரவைக்கடல்

சுத்திவளைப்பானேன்? கசிவுநீரைத் திரும்ப மேட்டு உச்சிக்கே பம்பினால் என்ன? வெளிநாடுகளில செய்யினம்.

ஊரெழு

அடியில தாளும் கானும் உள்ள இடத்தில செய்யினம். தாளில்லாத மேட்டில திருப்பி விடுறது கிணத்துக்கு விடுறதுதான், ஒரு சுத்துச் சுத்தி. அதோட உச்சியில தண்ணி ஏறினால் சரிவு வழுக்கும். 2017 ஏப்பிரல் 14 கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிஞ்சு 30க்கு மேற்பட்ட சனம் மேட்டுக்குக் கீழ போனது மறந்துபோச்சோ?

சவ்வுக்காரருக்கும் இதே கேள்வி. நாளுக்கு 30 உள்ள போனால் கால்வாசி, ஏழரைக் கன மீற்றர், சவ்வுக்குள்ளால போகாத உப்புச் செறிவுநீரா வெளிய வரும். குளோரைட் 3,000 எண்டது 12,000. கடல்தண்ணியில 19,000. அது எங்க போகுது?

சவ்வுக்காரன்

வழமையா மேட்டுக்கே திருப்பி விடுறது.

ஊரெழு

அதுதான் பாத்தன்.

தொ.உ.

மேட்டை மூடி ஐந்தரைக்கு இறக்கினால் செறிவுநீர் நாளுக்கு 1.4, வருசம் 500 கன மீற்றர். 500 சதுர மீற்றர் கண்ணாடித்தாள் கூரைக்குக் கீழ, மழை படாமல், நாளுக்கு 3 மி.மீ. ஆவியானாலும் 550 போகும். திறந்த குளத்தில சரிவராத கணக்கு கூரைக்குக் கீழ சரிவருது. பிஎச் 6இல வைச்சிருந்தால் அமோனியா பறக்காமல் உப்பா நிக்கும். மிஞ்சிறது வருசத்துக்கு 20 தொன் ஈர உப்பு. அதைத் தாள் போட்ட தனிக் கட்டத்துக்குள்ள மூட்டையா அடுக்க வேணும், ஒரு துளி மழையும் படாமல்.

நுண்ணுயிரி

அதுக்கு முன்னால என்ர தாங்கியில ஒண்டை வைச்சால் அமிலச் செலவு கனக்கக் குறையும், காரத்தன்மை கிருமியே தின்னிடும். சவ்வை எதிர்க்கேல்லை. பச்சைக் கசிவுநீரை நேர சவ்வில அடிக்கிறதைத்தான் எதிர்க்கிறன். வெட்டிவேரும் சம்பும் கடைசி மெருகுக்கு நடலாம். அமோனியா 1,000 இருக்கிற தண்ணியில நட்டால் நுனி கருகி ஒரு மாசத்தில வைக்கோல்.

வழுக்கியாறு

கிணறு பழுதாகுதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? உவர் எண்டால் கடல் எண்டு தப்பிறாங்கள், நைத்திரேற் எண்டால் தோட்டம் எண்டு தப்பிறாங்கள்.

ஊரெழு

பொட்டாசியத்தையும் குளோரைட்டையும் சேர்த்து அளவுங்கோ. கடல்தண்ணியில பொட்டாசியம் குளோரைட்டின்ர 2 வீதம்தான். கசிவுநீரில அதைவிட எத்தினையோ மடங்கு. விகிதம் ஏறினால் கடல் இல்லை. தோட்டத்தில எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்) உரம் போடுற இடத்தில இதுவும் குழப்பும், அதால அமோனியாவையும் காரத்தன்மையையும் கூடப் பாக்க வேணும். மூண்டும் ஒண்டா ஏறினால் மேடுதான். நீரோட்டத்துக்கு மேல ஒரு கிணறு, கீழ மூண்டு. மாரிக்கு முன்னும் பின்னும். மாதிரிப் போத்தல் ஐஸில, அமோனியாவுக்கும் சி.ஓ.டி.க்கும் எடுக்கிறதை அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழ. வெயிலில மோட்டர்சைக்கிள் பெட்டிக்குள்ள கொண்டுபோன போத்தலில ஒரு முடிவும் எடுக்கேலாது.

சவ்வுக்காரன்

சரி, விலைமனு கேட்கிறதெண்டால் சராசரித் தண்ணிக்கு இல்லாமல் மூடின பிறகு வரப்போற செறிவான தண்ணிக்குக் கேளுங்கோ. உப்புச் செறிவைக் காட்டுற மின்கடத்துதிறன் இப்ப 15 மில்லிசீமன் எண்டால் 25க்கு உத்தரவாதம், 60 பார் அழுத்தம் வரைக்கும் தாங்கிற சவ்வு, ஒரு வருச அமிலமும் மருந்தும் விலைக்குள்ள.

ஊரெழு

'செறிவுநீரை மேட்டுக்குத் திருப்பி விடப்படாது' எண்ட வரியையும் அதில சேருங்கோ. சேர்த்த பிறகு எத்தினை பேர் விலை தருகினமெண்டு பாப்பம்.