பருப்புத் தேங்காய்: நுனி உதிர்கிறது, அடி சாய்கிறது

புதுக்கூடு:
வர்ற ஞாயிறு வீட்டிலேயே சீமந்தம். சீர்த் தட்டுக்கு நடுவுல வைக்க ஒரு ஜோடி வேர்க்கடலைப் பருப்புத் தேங்காய் (கடலையை வெல்லப் பாகுல கலந்து கூம்பு மாதிரி அடைக்கிற இனிப்பு) பண்ணணும். அடைக்கிற அச்சு கூம்பு வடிவத் தகரக் கூடு, 8 அங்குல உயரம், வாய் 4 அங்குலம். ஒண்ணு பண்ணிப் பார்த்தாச்சு. கூட்டைத் திறந்தா நுனி ஒரு அங்குலம் தனியா உதிர்ந்துடுச்சு, மீதி மறுநாள் காலையில ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. 3 கப் கடலைக்கு ஒன்றரைக் கப் வெல்லம், பாகு தண்ணில போட்டா உருட்ட வந்தது. எங்க தப்பு? ஒரு ஜோடிக்கு மொத்தம் எவ்வளவு சாமான் வேணும்?

கரண்டிக்காம்பு:
அளவு சரிதான். பதமும் நுனியும்தான் தப்பு.

முதலில் சாமான். உங்கள் கூட்டில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். 200 மில்லி கப்பில் ஒரு கூட்டுக்கு 3 கப் வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த கடலை, ஒன்றரைக் கப் பொடித்த வெல்லம். ஜோடிக்கு 6 கப், 3 கப். எடையில் கடலை முக்கால் கிலோ, வெல்லம் அரைக் கிலோ வாங்கினால் போதும். மிஞ்சுவதை உருண்டை பிடித்துவிடலாம். ஆனால் இரண்டையும் ஒரே பாகில் போடாதீர்கள். முதல் கூட்டை அடைத்து முடிப்பதற்குள் வாணலியில் இருப்பது கல்லாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாகு.

வெல்லம் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர், கால் கப். கரைந்ததும் மண் போக வடிகட்டி, வாணலியைக் கழுவி மறுபடி ஏற்றுங்கள். "உருட்ட வந்தது" என்கிறீர்களே, அது அதிரசத்துக்கான பதம். பருப்புத் தேங்காய்க்கு அதையும் தாண்டணும். தண்ணீரில் விட்டுத் திரட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கணும், விரலால் அமுக்கினால் அமுங்கக் கூடாது. சோதிக்கும் ஒவ்வொரு தடவையும் அடுப்பை அணைத்துவிடுங்கள். தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரை நிமிஷத்தில் பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடும். பதம் வந்ததும் ஏலக்காய், சுக்குப் பொடி, ஒரு ஸ்பூன் நெய், கடலை. கடலை வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஆறிப்போன கடலையைக் கொட்டினால் பாகின் சூடு சட்டென்று இறங்கி, கலக்கும்போதே இறுகும்.

இப்போது நுனி. இரண்டு காரணம். உருகிய நெய்யைத் தடவினால் அது வழிந்து நுனியில் தேங்கி நிற்கும். நெய்யில் ஊறிய கடலை ஒட்டாது. உறைந்த நெய்யை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். அடுத்தது, முழுக் கடலை அந்தக் குறுகலுக்குள் இறங்கவே இறங்காது, உள்ளே வெற்றிடம்தான் இருக்கும். ஒரு பிடி கடலையை ரவைக்குச் சற்றுப் பெரிதாக உடைத்துத் தனியாக வையுங்கள். கலவையில் இரண்டு ஸ்பூன் எடுத்து அந்தப் பொடியோடு பிசறி முதலில் நுனிக்கு. மரக் கரண்டிக் காம்பால் நன்றாகக் குத்தி இறக்குங்கள். பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடவை போட்டுப் போட்டு அமுக்கணும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே அமுக்கினால் அழுத்தம் கீழே போய்ச் சேராது.

வாய் வரை வந்ததும் நெய் தடவிய தட்டையான டம்ளரால் அழுத்திச் சமமாக்குங்கள். அடி கோணலாக இருந்தால் பதம் எவ்வளவு சரியாக இருந்தாலும் சாய்ந்துதான் நிற்கும்.

வாணலி64:
மேலே சொன்னதோடு ஒன்று. சத்தம் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் சமையல் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளலாம். வேர்க்கடலைக்கு 128 முதல் 132 டிகிரி செல்சியஸ். 120 பக்கத்திலேயே இறக்கினால் அன்றைக்கு நிற்கும், மறுநாள் சாயும். வெல்லம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற சாமான். மழை நாளில் இன்னும் மோசம். ஆனால் வெல்லத்துக்கு வெல்லம் அழுக்கும் உப்பும் மாறுவதால் கருவியை மட்டும் நம்பாமல் கடைசியில் தண்ணீரில் விட்டும் பாருங்கள். கடையில் "பாகு வெல்லம்" என்றே கேட்டு வாங்குங்கள். உப்புக் கரிக்கும் வெல்லம் எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும்.

கூட்டைத் திறக்கிற நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் பருத்து உட்காரும். முழுக்க ஆறவிட்டால் நெய் உறைந்து தகரத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்போது இழுத்தால் போவது நுனிதான். 20, 25 நிமிஷத்தில் வெளித் தகரம் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும். அப்போது கொக்கியை எடுத்து, மெதுவாகத் திருகி விடுவியுங்கள். தாமதமாகிவிட்டால் வெந்நீரில் பிழிந்த துணியைக் கூட்டைச் சுற்றிப் பத்து விநாடி வைத்தால் போதும்.

புதுக்கூடு:
ரொம்ப உதவி. அதிரசப் பதத்துலயே நின்னுட்டேன்னு இப்போ புரியுது. இன்னும் ரெண்டு கேள்வி. கூடு ஒண்ணுதான் இருக்கு. ரெண்டாவதுக்கு அட்டையில செஞ்சா உயரம் ஒண்ணு போல வருமா? வர்றவங்கள்ல ஒருத்தருக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. மனோஹரத்துல (தேங்குழலை உடைச்சு வெல்லப் பாகுல கலக்கறது) பண்ணினா இதே பாகுதானா?

அரிசிமாவு:
அட்டைக் கூடு தாராளமாக வரும். கணக்கு சுலபம்: வாய் அகலம் உயரத்தில் பாதி என்றால் கால் வட்டம் வெட்டினால் போதும். உங்கள் அளவுக்கு எட்டேகால் அங்குல ஆரம் வைத்துக் கெட்டி அட்டையில் கால் வட்டம் வரைந்து, ஒரு ஓரத்தில் ஒட்டுவதற்கு அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். சுருட்டி ஒட்டினால் 8 அங்குல உயரம், 4 அங்குல வாய். அதே அளவில் பட்டர் பேப்பர் வெட்டி உள்ளே. பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், பாகுச் சூட்டில் நெளியும். அமுக்கும்போது ஒட்டு பிரியாமலிருக்க வெளியே நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, உயரமான செம்புக்குள் நிறுத்திவிட்டு அடையுங்கள். தகரக் கூட்டிலும் பட்டர் பேப்பர் போட்டுவிட்டால் ஒட்டுகிற தொல்லையே கிடையாது. மேல்பரப்பில் மடிப்புக் கோடு விழும், அவ்வளவுதான்.

மனோஹரத்துக்குப் பாகு இளசாக இருக்கணும். உருண்டை கெட்டியாகத் திரண்டு, மெல்லிய சத்தம் வந்தால் போதும், 120 முதல் 125. கடலைக்கான பாகைத் தேங்குழலில் ஊற்றினால் கடிக்கவே முடியாது. அரிசி மாவு 4 பங்கு, வறுத்து அரைத்த உளுத்த மாவு 1 பங்கு, வெண்ணெய். உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். தேங்குழல் நன்றாக ஆறி மொறுமொறுவென்று இருக்கணும். சூட்டோடு உடைத்துக் கலந்தால் நமத்துப்போகும். அரை அங்குலத் துண்டாக உடைத்து, 4 கப்புக்கு ஒன்றேகால் கப் வெல்லம். கடலையைக் குத்துவது போல இதைக் குத்தாதீர்கள், பொடியாகிவிடும். கூட்டைத் தரையில் லேசாகத் தட்டித் தட்டி இறக்கி, கடைசியில் மட்டும் அமுக்கினால் போதும்.

ஒத்துக்காதவர் வருகிறார் என்றால் ஒன்றைக் கடலையிலும் ஒன்றை மனோஹரத்திலும் பண்ணி ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஜோடியுமே மனோஹரமாக இருக்கட்டும். பொட்டுக்கடலையிலும் பண்ணலாம், அளவு வேர்க்கடலைக்குச் சொன்னதுதான். ஆனால் பொட்டுக்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கடலை வறுத்த வாணலியை நன்றாகத் தேய்த்த பிறகுதான் இதற்கு எடுக்கணும். லட்டுப் பருப்புத் தேங்காய் பார்க்க அழகுதான், ஆனால் கூட்டிலேயே ஒரு ராத்திரி இருந்தால்தான் நிற்கும். முதல் தடவைக்கு வேண்டாம்.

கரண்டிக்காம்பு:
தேங்குழலை வெள்ளியே பிழிந்து டப்பாவில் போட்டுவிடுங்கள். பருப்புத் தேங்காய் சனிக்கிழமை காலை. ஆறாமல் செலஃபேன் சுற்றினால் உள்ளே வியர்த்து, மேலே பிசுக்கு வந்துவிடும். மூன்று மணி நேரமாவது மின்விசிறிக்குக் கீழே வைத்து, முழுக்க ஆறின பிறகு சுற்றி, காற்றுப் புகாத தூக்கிலோ டின்னிலோ நிறுத்துங்கள். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்த ஐந்தாம் நிமிஷம் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்க்கும்.

அடைக்கும்போது வாணலியில் இறுகிவிட்டால் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஒரு ஸ்பூன் நெய் விட்டு, சின்னத் தீயில் வைத்துக் கிளறினால் இளகும். சாய்ந்துபோன கடலையையும் உடைத்து வாணலியில் போட்டு, இளகினதும் அதே தீயில் பாகு பதத்துக்கு வரும்வரை கிளறி மறுபடி அடைக்கலாம். கடலை கொஞ்சம் சிவக்கும். மனோஹரத்துக்கு அந்த வழி கிடையாது. பதம் தவறினால் உதிர்த்துத் தின்ன வேண்டியதுதான்.

வாணலி64:
எறும்பை மறந்துவிடாதீர்கள். ராத்திரி முழுக்க மனையில் வைப்பதாக இருந்தால் தாம்பாளத்தில் ஒரு விரற்கடைத் தண்ணீர் விட்டு, நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டோடு வையுங்கள். குங்குமமும் பூச்சரமும் செலஃபேன் மேலேதான். ஈரப் பூ நேராக வெல்லத்தில் பட்டால் அந்த இடம் இளகிவிடும். இரண்டில் ஒன்று அரை அங்குலம் குட்டையாக வந்தால் மிஞ்சின கலவையில் ஒரு வில்லை தட்டி, சூட்டோடு அடியில் ஒட்டிவிடுங்கள். ஜரிகைத் தாள் சுற்றினால் வெளியே தெரியாது.

புதுக்கூடு:
ஜோடியும் மனோஹரம்தான். பட்டர் பேப்பர் வாங்கியாச்சு, வெள்ளிக்கிழமை தேங்குழல் பிழியறேன்.