"தப்பு, தப்பு"ன்னா எது தப்பு?

செந்தூல்காரர்:
சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூல் டேவானில் (பொது மண்டபத்தில்) பார்த்தது இன்னும் உறுத்துது. பூப்பந்து, ஷார்ட் சர்வீஸ் பழகுற சின்னப் பையன். ஒவ்வொரு பந்துக்கும் மாஸ்டர் "தப்பு, மறுபடி"ங்கிறார். பையன் பிடியை மாத்துறான், காலை மாத்துறான், அடுத்தது வலையிலேயே மாட்டுது. ஓரத்தில் இருந்த ஒரு அக்கா, "தம்பி, வலைக்கு மேலே ஒரு சாண் தூக்கிப் போகுது"ன்னாங்க. அவ்வளவுதான். பிடியும் காலும் அப்படியே நின்னுச்சு, ராக்கெட் முகம் மட்டும் லேசா சாய்ஞ்சுது. நாலாவது பந்து வலையை உரசிப் போய், வலையிலிருந்து 1.98 மீட்டரில் இருக்கிற சர்வீஸ் முன்கோட்டை ஒட்டி விழுந்துச்சு. 'தப்பு'ங்கிற சொல்லில் திசையும் இல்லை, அளவும் இல்லை. 1932-லேயே டிரௌபிரிட்ஜ், கேசன்னு ரெண்டு ஆய்வாளர்கள், ஆட்களோட கண்ணைக் கட்டி, சொன்ன நீளத்துக்குக் கோடு போடவிட்டுப் பார்த்தாங்க. எவ்வளவு கூட, எவ்வளவு குறைன்னு சொல்லக் கேட்டவங்க, 'சரி', 'தப்பு' மட்டும் சொல்லக் கேட்டவங்களைவிடத் துல்லியமா வந்தாங்க.

பினாங்கு சலங்கை:
அண்ணே, அளவு சொல்றது சரி. ஒவ்வொரு பந்துக்கும் சொன்னாங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல. ஜார்ஜ்டவுனில் ஒரு பரதநாட்டிய வகுப்பு. தட்டடவு (காலைத் தட்டி ஆடுற அடிப்படை அடவு) முழுக்க, தட்டுக்கழி தாளத்தோட "முட்டி வெளியே, முட்டி வெளியே"ன்னு டீச்சர் குரல் ஓடிக்கிட்டே இருக்கும். பிள்ளையோட அரைமண்டி, அதாவது முட்டியை வெளியே மடக்கி நிக்கிற நிலை, கச்சிதம். ஒருநாள் டீச்சருக்குத் தொண்டை கட்டி, கழி மட்டும் தட்டினாங்க. ரெண்டாம் காலம் (இரட்டை வேகம்) வர்றதுக்குள்ள முட்டி முன்னால வந்து இடுப்பு ஏறிருச்சு! தன் தொடை இழுக்குறதைக் கவனிக்க அது பழகவே இல்லை, குரலைத்தான் கவனிச்சுது. வின்ஸ்டீன், ஷ்மிட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1990-ல் காட்டினது இதுதான்: எவ்வளவு தள்ளிப்போச்சுன்னு பாதித் தடவை மட்டும் சொல்லக் கேட்டவங்களுக்கு, ஒவ்வொரு தடவையும் கேட்டவங்களைவிட, பழகினது மறுநாள் நல்லா நின்னுச்சு.

பழைய கிள்ளான் சாலை சிலம்பம்:
சலங்கை அக்கா, முழுசா ஒத்துக்க முடியலை. முதல் வாரத்துப் பிள்ளைகிட்ட வாயை மூடிக்கிட்டா தப்பையே பழகிக்கும். ஆரம்பத்தில் அடிக்கடி, பிடிபட்டதும் குறைக்கணும். யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். கம்பு நின்ன உடனே பேசாதீங்க, மூணு நாலு விநாடி விடுங்க. அப்புறம் "நுனி எங்கே நின்னுச்சு?"ன்னு கேளுங்க. பிள்ளை "தோள் உயரம்"னு சொல்லும். "இல்லை, நாலு விரல் மேலே"ன்னு நீங்க சொல்லுங்க. அது நினைச்சதுக்கும் நடந்ததுக்கும் உள்ள அந்த இடைவெளிதான் அடுத்த வீச்சைத் திருத்தும். ரெண்டு விரல்தான் தள்ளியிருக்கா, சும்மா இருங்க. ஆனா "நான் பேசலைன்னா சரின்னு அர்த்தம்"னு முன்னாடியே சொல்லிடணும், இல்லாட்டி பிள்ளை குழம்பிப் போகும். ஒரு வீச்சுக்கு ஒரே திருத்தம். "மணிக்கட்டை மடக்கு, முழங்கையை ஒட்டு"ன்னா கை விறைச்சுப் போகும். "கம்பு நுனியால அவன் தோளைத் தொடு"ன்னு சொல்லிப் பாருங்க, முழங்கை தானா வந்து ஒட்டும்.

செந்தூல்காரர்:
சலங்கை, அந்த அக்கா மூணு பந்துக்கு ஒரு தடவைதான் வாயைத் திறந்தாங்க. கடைசியில் "எவ்வளவு மேலே போச்சு, நீயே சொல்லு"ன்னாங்க. பையன் "அரைச் சாண்"ன்னான். அவங்க நாலு விரலைக் காட்டினாங்க.