நான் ஓவன் துணியில் அச்சுத் தரச் சோதனை: ஆலோசனை தேவை

வணக்கம். சேலை உறைகளுக்கான 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) நான் ஓவன் (non-woven, நெய்யாமல் இழைகளைப் பிணைத்துச் செய்யும்) துணியில், இரண்டு வண்ண ஃபிளெக்ஸோ (வளையும் அச்சுத்தகட்டால் அச்சிடும்) இயந்திரத்தில் கடைப் பெயர்களை அச்சிட்டு வருகிறோம். தொடக்கத்தில் அச்சு சரியாக அமைந்தாலும், ரோல் பாதியைத் தாண்டியதும் சிவப்பு எழுத்தைச் சுற்றியுள்ள தங்க நிறக் கோடு ஒரு மில்லிமீட்டர் வரை விலகி, இடையில் வெள்ளைத் துணி தெரிகிறது. ரோலின் விட்டம் குறையக் குறைய இழுவிசை கூடித் துணி நீள்வதே காரணம் என்று கருதி, ரோலின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்திப் பார்த்தோம். விலகல் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது மையின் பிடிப்புதான். இத்துணியின் மூலப்பொருளான பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், மையை எளிதில் ஏற்காது என்பதால் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்துச் சோதிக்கிறோம். ஆனால் நாடாவோடு இழைகளும் சேர்ந்து வந்துவிடுவதால், மை உரிந்ததா, துணி பிய்ந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. உள்ளே வைக்கும் பட்டுச் சேலையில் மை ஒட்டிவிடக் கூடாது என்பதே எங்கள் அச்சம்.

வெள்ளைப் பருத்தித் துணியால் தேய்த்துச் சோதிப்பவர்கள், அச்சிட்டு எத்தனை மணி நேரம் கழித்து, எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை முறை தேய்க்கிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். தானியங்கி இழுவிசைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தியவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.