டி அண்ட் டி ஆன்லைன் மேசைக்குக் கேரக்டர் உருவாக்கிய அனுபவங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கு ஒரு கேரக்டராகி, பகடை உருட்டிச் சேர்ந்து கதை சொல்லும் ஆட்டம். அதை ஆட வரும் புதியவர்கள் முதலில் கேட்பது, "எந்த கிளாஸ் எடுத்தால் நல்லது?" என்பதுதான். கிளாஸ் என்றால் கேரக்டரின் தொழில். முரட்டுச் சண்டைக்காரரான பார்பேரியனில் தொடங்கி மந்திரவாதியான விஸார்ட் வரை பன்னிரண்டு கிளாஸையும் ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். மேசையில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், மற்றவர்கள் யாரைக் கொண்டுவருகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள், அவர்களில் ஒருவராவது உங்கள் கேரக்டருக்குத் தேவைப்படும்படி எழுதுங்கள் என்று நான் சொல்வேன். அப்படி எழுதிய என் ஹாஃப்லிங் கிளெரிக்கை (சிறிய உருவ இனத்துப் பூசாரி) பற்றி இங்கே சொல்கிறேன். நீங்களும் உங்கள் கேரக்டர்களைப் பற்றி எழுதுங்கள்.

எங்கள் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர்) அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறார். அவருக்குச் சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் எனக்கு ஞாயிறு காலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்ததும் ஆறரை ஆகிவிடும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம் என்பதால் நான் மைக் போடாமல் டைப் செய்துதான் ஆடுவேன். ரோல்20 என்ற ஆன்லைன் ஆட்டத் தளத்தின் திரையில் ஒரு பக்கம் வரைபடம், ஒரு பக்கம் பகடை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள்.

ஒவ்வொரு கேரக்டருக்கும் ஆறு திறன்கள் உண்டு: ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி), இன்டெலிஜென்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி). 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை இவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார் டிஎம். கிளெரிக்கின் மந்திரம் விஸ்டத்தில் ஓடுகிறது, அதனால் 15 அங்கே போனது. 14 கான்ஸ்டிட்யூஷனுக்கு. கடைசியில் மிஞ்சும் அந்த 8 எங்கே போகிறது என்பதைத்தான் நான் எப்போதும் ரொம்ப நேரம் யோசிப்பேன். கேரக்டரால் எது முடியாது என்பதை அந்த எண்தான் சொல்கிறது. எங்கள் குழுவில் ஒரு ஹாஃப்-ஆர்க் ஃபைட்டர் (பலசாலி இனத்துப் போர்வீரர்) வருகிறார் என்று முன்பே தெரியும். என் கிளெரிக்கை அவர் அடிக்கடி தூக்கிவிட வேண்டியிருக்கட்டும் என்று நினைத்து 8ஐ ஸ்ட்ரெங்த்தில் வைத்தேன். அப்படியென்றால் பலம் காட்டும் ஒவ்வொரு வேலையிலும் இருபதுமுகப் பகடையில் விழுவதிலிருந்து ஒன்று குறையும்.

பின்கதை என்று நான் எழுதியது நாலு வரி. கோயிலில் வளர்ந்தவள். குருவாக இருந்த பாட்டி இறக்கும்போது ஒரு கட்டுக் கடிதங்களைக் கொடுத்து, "உரியவரிடம் சேர்த்துவிடு" என்று சொன்னாள். உரியவர் யார் என்று சொல்வதற்குள் உயிர் போய்விட்டது. கடிதங்களை இவள் பிரிக்கவே இல்லை. இவ்வளவுதான். உறையின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை நானும் முடிவு செய்யவில்லை, டிஎம்மிடமும் சொல்லவில்லை.

இன்னும் முதல் லெவலில் இருந்தபோது, பாழடைந்த ஒரு கோட்டையில் இருபதடி ஆழத்தில் ஒரு வறண்ட கிணறு வந்தது. கயிற்றில் இறங்க வேண்டும், பத்து வந்தால் போதும் என்றார் டிஎம். எனக்குப் பகடையில் ஐந்து விழுந்தது, ஒன்று கழித்தால் நாலு. கை நழுவிவிட்டது. பத்தடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை வீதம் இரண்டு உருட்டினார், ஐந்தும் ஆறும். என்னிடம் இருந்த உயிர்ப்புள்ளி மொத்தமே பத்து. கிளெரிக் நினைவில்லாமல் கிடக்கிறாள், குழுவில் வேறு யாருக்கும் குணப்படுத்தும் மந்திரம் தெரியாது. இனி என் முறை வரும்போதெல்லாம் சாவுப் பகடை. பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி, கீழே விழுந்தால் ஒரு தோல்வி, மூன்று தோல்வி சேர்ந்தால் அவள் செத்துவிடுவாள். எனக்கு அடுத்தடுத்து இரண்டு தோல்வி.

ஃபைட்டர் கயிற்றைப் பிடித்துக் கீழே வந்துவிட்டார். அவரை ஆடியவர் சாட்டில் எழுதினார்: "எனக்கு வைத்தியம் தெரியாது. அவள் பையைத் திறக்கிறேன். உள்ளே என்னென்ன இருக்கிறது?" என் கேரக்டர் ஷீட்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். ஐந்து பொன் கொடுத்து வாங்கிய ஹீலர்ஸ் கிட், மெழுகுவர்த்தி, சாம்பிராணி, பிரிக்காத கடிதக் கட்டு. அந்த கிட் இருந்தால் பகடையே வேண்டாம், உயிர் போகாமல் நிறுத்திவிடலாம். நிறுத்தினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வரியில், "கடிதக் கட்டின்மேல் இருக்கும் பெயரைப் படிக்கிறேன். அது என் பழைய படைத்தலைவரின் பெயர்" என்று எழுதினார். டிஎம்மைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. சாட்டில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் டிஎம், "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பின் எங்கள் கதை முழுக்க அந்தப் படைத்தலைவரைத் தேடித்தான் போனது. கதாநாயகி மாதிரி நாலு பக்கம் எழுதி, கடிதம் யாருக்கு என்பதையும் நானே முடிவு செய்து வைத்திருந்தால் அவர் கைவைக்க அங்கே இடமே இருந்திருக்காது.

* * *

அக்கா, அந்த 8 விஷயத்தை நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன். நான் இன்னும் ஒரு படி மேலே போய், எண்களைப் பகடையிடமே விட்டுவிடும் கட்சி.

ஐந்தாம் பதிப்பில் மூன்று வழி இருக்கிறது. அக்கா சொன்ன தயார் எண்கள் ஒன்று. 27 புள்ளிகளை வைத்துக்கொண்டு எண்களை வாங்குவது இன்னொன்று. 13க்கு 5 புள்ளி, 14க்கு 7, 15க்கு 9 என்று மேலே போகப் போக விலை ஏறும், 15க்கு மேல் வாங்கவே முடியாது. நாலு ஆறுமுகப் பகடை உருட்டி, குறைந்ததைத் தள்ளிவிட்டு மூன்றைக் கூட்டுவது மூன்றாவது. இதில் சராசரியாகப் பன்னிரண்டுக்குச் சற்று மேலே வரும். முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து ஆடும் ஆன்லைன் மேசைகளில் பல டிஎம்கள் 27 புள்ளி முறையைத்தான் கேட்கிறார்கள். காரணம் நியாயமானது. ஒருவருக்கு 18, 17 என்றும் பக்கத்தில் இருப்பவருக்கு 9, 10 என்றும் விழுந்தால் மாதக்கணக்கில் ஒருவர் இன்னொருவரின் நிழலில்தான் ஆட வேண்டும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் இதெல்லாம் கிடையாது. மூன்று பகடை, வரிசையாக ஆறு முறை, விழுந்தது விழுந்ததுதான். கிளாஸும் அப்போது மூன்றே மூன்று. நானும் என் கல்லூரி நண்பர்களும் டிஸ்கார்ட் சாட் செயலியில் ஆடிய ஒரு ஆட்டத்தில் எண்களுக்கு மட்டும் இந்தப் பழைய முறையையே எடுத்துக்கொண்டோம். யாராக ஆடப்போகிறோம் என்று யோசிக்காமல் முதலில் எண்களை உருட்டுவது, பிறகு இந்த எண்கள் உள்ள ஆள் யாராக இருப்பான் என்று கண்டுபிடிப்பது.

எனக்கு விஸ்டம் 16, டெக்ஸ்டெரிட்டி 7, கரிஸ்மா 5. ரொம்ப நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கவனிக்கிறவன், வேகமாக நகர முடியாதவன், நாலு பேர் முன்னால் பேச வராதவன். ஆற்றில் பரிசல் ஓட்டும் ஒரு கிழவன் என் கண்முன் வந்து நின்றான். பயணிகளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன், அவர்களிடம் கூலியைத் தவிர வேறெதுவும் பேசாதவன். ட்ரூயிட் (இயற்கையோடு ஒட்டிய மந்திரவாதி) என்று ஷீட்டில் போட்டேன். ஆட்டத்தில் அவனுக்கு நான் எழுதும் வசனம் மூன்று நாலு சொல்லைத் தாண்டாது. "தண்ணி கலங்கியிருக்கு." "இவன் பொய் சொல்றான்." மற்ற நண்பர்கள் மெல்ல மெல்ல அவன் என்ன சொல்கிறான் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ரோக் (திருட்டு வித்தைக்காரன்) எந்த ஊருக்குப் போனாலும், பேரம் பேசி முடித்த பிறகு, "பரிசல்காரரே, சரியா?" என்று திரும்பிப் பார்ப்பான். 18 கரிஸ்மாவோடு ஆடிய எந்தக் கேரக்டருக்கும் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

* * *

நான் ஆடுவது முழுக்க எழுத்தில். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பதிவு, அவ்வளவுதான். யாரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்க வேண்டியதில்லை. பகடையை அவ்ரே என்ற டிஸ்கார்ட் பாட் (தானியங்கி நிரல்) உருட்டிவிடும். வேலை, குழந்தை என்று இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை. ஆனால் மூன்று சுற்றுச் சண்டை முடிய வாரக்கணக்கில் ஆகும், அதை மனதில் வைத்துத்தான் கேரக்டர் செய்ய வேண்டும்.

முக்கியமாக, எதிரியின் முறையில் குறுக்கே புகுந்து செய்யும் ரியாக்‌ஷன் மந்திரங்கள். உதாரணத்துக்கு ஷீல்ட் மந்திரம். அடி விழும் நொடியில் உங்கள் ஆர்மர் கிளாஸுக்கு (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 5 கூடும், நேரலையில் பிரமாதமான மந்திரம். எழுத்தில் ஆடும்போது கோப்ளின் அம்பு விடுகிறது, டிஎம் "ஷீல்ட் போடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறார், நான் அலுவலகத்தில் இருக்கிறேன். ஆட்டம் முழுக்க எனக்காக நின்றுவிடும். அதனால் என் விஸார்டின் ஷீட்டில் கீழே ஒரு பெட்டி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்: "என்மேல் அடி விழுந்து, 5 கூட்டினால் அது தவறும் என்றால், கேட்காமல் ஷீல்ட் போடவும். முதல் லெவல் ஸ்லாட் கடைசி ஒன்றுதான் மிச்சம் என்றால் போட வேண்டாம்." ஸ்லாட் என்றால் மந்திரம் போட இருக்கும் வாய்ப்பு. டிஎம் அந்தப் பெட்டியைப் பார்த்து அவரே நடத்திவிடுவார். எங்கள் குழுவில் இப்போது எல்லோர் ஷீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது.

இன்னொன்று, மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு யாரிடமும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும் மர்ம ஆசாமியை எழுத்து ஆட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். நேரில் என்றால் குரலாலும் முகத்தாலும் அவனை உயிர்ப்பிக்கலாம். எழுத்தில் "அவன் பதில் சொல்லவில்லை" என்று பதிவு போட்டால் அடுத்தவர் அதிலிருந்து என்ன எழுதுவார்? பரிசல்காரர் பேசியது மூன்று சொல் என்றாலும் ஒவ்வொரு சொல்லிலும் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்திருக்கிறது, கவனித்தீர்களா?

* * *

டிஎம் பக்கத்திலிருந்தும் ஒருத்தி எழுதிவிடுகிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் செஷன் ஜீரோ என்று ஒரு நாள் எல்லோரையும் உட்கார வைப்பேன். கேரக்டர் ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே, எது என் ஆட்டத்தில் வரவே கூடாது என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். தனியாக மெசேஜ் அனுப்பினாலும் போதும், காரணம் கேட்க மாட்டேன். ஒருமுறை ஒரு பெண், குழந்தைகள் காணாமல் போகும் கதை மட்டும் வேண்டாம் என்று எழுதினாள். என் முதல் அத்தியாயமே அதுதான். மாற்றிக் காணாமல் போன மணியாக்கினேன், கோயில் மணி. கதை இன்னும் நன்றாக ஓடியது. அவள் உருவாக்கியிருந்த பாலடினும் (புனித வீராங்கனை) முழு மனதோடு ஓடி வந்தாள்.

பின்கதையை எட்டுப் பக்கம் எழுதி அனுப்பும் தம்பிகளிடம் நான் கேட்பது மூன்றே விஷயம். உன் கேரக்டர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறாள்? யாருக்காகத் திரும்பிப் போவாள்? அவளுக்கே தெரியாதது என்ன? 2014 புத்தகத்தில் ஐடியல் (லட்சியம்), பாண்ட் (பிணைப்பு), ஃப்ளா (குறை) என்று கேரக்டரின் முன்வாழ்க்கையான பின்னணியோடு பட்டியல் கொடுத்து இதையே வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள். 2024இல் வந்த புதிய விதிப் புத்தகத்தில் பின்னணியே திறன் எண்களைக் கூட்டுகிறது, ஒரு ஃபீட்டும் (சிறப்புத் திறமை) தருகிறது. அதனால் புதியவர்கள் பின்னணியைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆளைப் பற்றி யோசிக்காமலே வந்துவிடுகிறார்கள். கணக்குப் போடுவதில் தப்பில்லை. கணக்குப் போட்டபின் அந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்கிறேன்.

* * *

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு என் முதல் ஆட்டம். 2024 புத்தகம் கையில் இருக்கிறது. குழுவில் ஏற்கெனவே விஸார்ட், ரோக், ரேஞ்சர் (காட்டில் தடம் பார்ப்பவர்) இருக்கிறார்கள். நான் பார்பேரியன் ஆட ஆசைப்படுகிறேன். விவசாயி பின்னணி எடுத்தால் பலவீனமாகிவிடுமா?

* * *

இல்லை தம்பி, அருமையாக வரும். நீங்கள் சொன்ன மூவரில் யாரும் முன்னால் நின்று அடி வாங்குகிறவர் இல்லை, அதனால் உங்களுக்கான இடம் காலியாகவே இருக்கிறது. தயார் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெங்த் 15, கான்ஸ்டிட்யூஷன் 14, டெக்ஸ்டெரிட்டி 13. விவசாயி பின்னணி தரும் கூடுதலில் கான்ஸ்டிட்யூஷனுக்கு 2, ஸ்ட்ரெங்த்துக்கு 1 போட்டால் இரண்டும் 16 ஆகிவிடும். பார்பேரியனுக்கு முதல் லெவலில் 12, கான்ஸ்டிட்யூஷன் 16 என்பதால் 3, விவசாயியோடு வரும் டஃப் ஃபீட்டுக்காக 2, மொத்தம் 17 உயிர்ப்புள்ளி. கிணற்றில் விழுந்த என் கிளெரிக்குக்கு இருந்தது பத்துதான். கவசமே போடாமல் ஆர்மர் கிளாஸ் 14 வரும்.

8ஐ இன்டெலிஜென்ஸில் வைக்கச் சொல்வார்கள். விஸார்ட் இருக்கிறார் என்பதால் எனக்கும் அது பிடித்திருக்கிறது. அவர் படித்துச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் ஆளாக இருக்கலாம். அப்புறம், ஞாயிறுக்கு முன் ரேஞ்சர் ஆடுகிறவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். "என் வயலை ஒரு இரவில் ஏதோ மிதித்து நாசம் செய்துவிட்டது, காலடித் தடம் எனக்கு அடையாளம் தெரியவில்லை, உங்கள் ஆளுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். அது எந்த மிருகம் என்பதை அவரே சொல்லட்டும்.