ஒரே கையேட்டில் இரண்டு பம்பு மாடல்கள்: மும்முனை அத்தியாயத்திலும் 230 வோல்ட் என்றே அச்சாகிறது, உதவி தேவை

மணலி எழுத்தர்
வணக்கம். மழைநீர் இறைக்கும் பம்புகளுக்கான எங்கள் கையேட்டை டிட்டா (ஆவணங்களைத் துண்டுகளாக எழுதி மறுபயன்பாடு செய்வதற்கான எக்ஸ்எம்எல் தரநிலை) முறையில் டாபிக்குகள் எனும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, அவற்றை நிர்வகிக்கும் சிசிஎம்எஸ் மென்பொருளில் ஏற்றியிருக்கிறோம். ஒருமுனை மாடலும் மும்முனை மாடலும் ஒரே கையேட்டில் அடுத்தடுத்த அத்தியாயங்களாக வருகின்றன. பிடிஎஃப் எடுத்தால் இரண்டு அத்தியாயங்களிலும் மின்னழுத்தம் 230 வோல்ட் என்றே வருகிறது. மும்முனைக்கு 415 வர வேண்டும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்துச் சுரங்கப்பாதைகளில் பம்பு பொருத்துபவர்களின் கையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் இது இருந்தாக வேண்டும். அவசரம், யாராவது வழி சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகி
அந்த எண் டாபிக்கில் நேரடியாக எழுதப்பட்டதா, கான்ரெஃப் வழியாக (வேறிடத்து உரையை இழுத்து) வருகிறதா, கீரெஃப் வழியாக (கீ எனும் பெயருக்கு வேறிடத்தில் கொடுத்த மதிப்பாக) வருகிறதா? ஒரே டாபிக்கைத்தான் இரண்டு அத்தியாயங்களிலும் பயன்படுத்துகிறீர்களா? டிட்டாவின் எந்தப் பதிப்பு? இவை தெரியாமல் பதில் சொல்வது கடினம்.

எண்ணூர் நண்பர்
எனக்குத் தெரிந்தவரை இது பேஸ்லைன் சிக்கல். வெளியீட்டுக்கென்று பழைய பதிப்பைப் பூட்டி வைத்திருந்தால், டாபிக்கில் எவ்வளவு திருத்தினாலும் பிடிஎஃப்பில் பழையதுதான் வரும். முதலில் பேஸ்லைனைப் புதுப்பித்துப் பாருங்கள்.

பெரம்பூர் ஆவணக்காரர்
பேஸ்லைன் அல்ல, வடிகட்டல்தான் காரணமாக இருக்கும். மாடல் வாரியாகக் குறியிட்டு, டிட்டாவேல் கோப்பில் வேண்டாததை விலக்கினால் போதும். நாங்கள் எல்லாக் கையேடுகளையும் அப்படித்தான் எடுக்கிறோம்.

ராயபுரம் மூத்தவர்
கேள்வி கேட்பவர் தம் மேப்பின் (டாபிக்குகளை வரிசைப்படுத்தும் கோப்பின்) அமைப்பைக்கூடச் சொல்லவில்லை. அதற்குள் இருவர் மருந்து எழுதிவிட்டீர்கள். ஆவணக்காரரே, டிட்டாவேல் கோப்பு முழு வெளியீட்டுக்கும் ஒரே விதியாகச் செயல்படும். இரண்டு மாடல்களும் ஒரே புத்தகத்தில் இருக்கும்போது எதை விலக்குவீர்கள்? கிளைவாரி வடிகட்டல் 1.3 பதிப்பில் உண்டு, ஆனால் நீங்கள் சொன்னது அதுவல்ல. கீ வசதி 2010-இல் வந்த 1.2 பதிப்பிலேயே இருக்கிறது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் அந்த அத்தியாயத்தையாவது படித்துவிட்டு வர வேண்டும்.

மணலி எழுத்தர்
கீரெஃப்தான். ஒரே டாபிக்தான். இரண்டு துணை மேப்களிலும் ஒரே பெயரில் கீ இருக்கிறது, மதிப்பு மட்டும் வேறு. 1.3.

தண்டையார்பேட்டை வாசகி
நன்றி, இப்போது புரிகிறது. புத்தகம் முழுவதற்குமான ரூட் மேப்பின் கீழ் உள்ள கீக்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே தொகுப்பாகின்றன. அத்தொகுப்பில் ஒரே பெயருக்கு இரண்டு வரையறைகள் இருந்தால் முதலில் வருவதே செல்லும். பின்னால் வருவது பிழைச்செய்தி எதுவுமின்றி ஒதுக்கப்படும். உங்களிடம் ஒருமுனை மேப் முன்னால் இருப்பதால் புத்தகம் முழுவதும் 230 ஆகிவிட்டது. 1.3 பதிப்பில் இதற்காகவே கீஸ்கோப், அதாவது ஒரு கீ செல்லுபடியாகும் எல்லையைக் குறிக்கும் வசதி, இருக்கிறது. ரூட் மேப்பில் இரண்டு துணை மேப்களையும் சேர்க்கும் இடங்களில் வெவ்வேறு கீஸ்கோப் பெயர் கொடுங்கள். அப்போது ஒவ்வோர் அத்தியாயமும் தன் கீயை எடுத்துக்கொள்ளும், பொதுவான டாபிக்கும் இரண்டு பிரதிகளாக வெளிவரும். தயவுசெய்து சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். 230 வோல்ட் என்று நம்பி அந்த அளவுக்கான ஸ்டார்ட்டர் காயிலை இரண்டு முனைகளுக்கு இடையே இணைத்தால் காயில் கருகிவிடும்.

பெரம்பூர் ஆவணக்காரர்
எண்களுக்குக் கீ வைப்பது சரி. ஆனால் பாகங்களின் பெயர்களுக்கும் கீ வைத்திருந்தால் தமிழ்ப் பதிப்பில் அகப்பட்டுக்கொள்வீர்கள். கீ "இயந்திரம்" என்று தரும்; வாக்கியத்துக்கு "இயந்திரத்தை", "இயந்திரத்தின்" என்று வேண்டும். ஆங்கில மூலத்தில் எழாத இடர் இது. நாங்கள் பெயர்க் கீக்களை முற்றிலும் விட்டுவிட்டு, முழு வாக்கியத்தையோ முழுச் செய்முறைப் படியையோ மட்டும் கான்ரெஃப் செய்கிறோம்.

எண்ணூர் நண்பர்
முற்றிலும் விட வேண்டியதில்லை. அட்டவணை, படக்குறிப்பு, பாகப் பட்டியல் ஆகியவற்றில் பெயர் வேற்றுமை உருபு ஏற்காமல் எழுவாயாகவே நிற்கிறது. அங்கெல்லாம் கீ நன்றாகப் பயன்படும். முழு வாக்கியத்தை மறுபயன்பாடு செய்தால், ஒரு பெயர் மாறும்போது எத்தனை வாக்கியங்களைத் திருத்துவீர்கள்?

பெரம்பூர் ஆவணக்காரர்
திருத்துவேன். பொருத்துபவர் படிக்கும் வாக்கியம் கோணலாக இருப்பதைவிட நான் கூடுதலாக உழைப்பது மேல். தமிழ்க் கையேட்டை யாரும் படிப்பதில்லை என்று சொல்பவர்களிடம் நான் கண்டது இதுதான்: படிக்க முடியாதபடி உருபு சிதைந்த வாக்கியங்களைக் கொடுத்துவிட்டுப் பணியாளர்மீது பழி சொல்கிறார்கள்.

மணலி எழுத்தர்
இரண்டு மேப்களுக்கும் கீஸ்கோப் கொடுத்தேன். இன்னும் இரண்டிலும் 230.

ராயபுரம் மூத்தவர்
ரூட் மேப்பிலும் அதே பெயரில் ஒரு கீயை இயல்பு மதிப்பாக வைத்திருப்பீர்கள், சொல்லாமல் விட்டிருப்பீர்கள். கீஸ்கோப் விஷயத்தில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்: உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மீறும் என்று. டிட்டாவில் வெளிவட்டத்தின் வரையறைதான் உள்வட்டத்தை மீறும். துணை மேப்பை வேறொருவர் எழுதியிருந்தாலும் அதைப் பயன்படுத்துபவர் மேலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்த விதி வகுக்கப்பட்டது. ரூட்டில் உள்ளதை நீக்குங்கள், கீஸ்கோப்பை அப்படியே விடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பலனில்லை.

தண்டையார்பேட்டை வாசகி
மூத்தவர் சொல்வது சரி. ரூட் மேப்பைப் பற்றி நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

மணலி எழுத்தர்
ரூட்டில் இருந்தது. நீக்கினேன். முதல் அத்தியாயத்தில் 230, அடுத்ததில் 415, எச்சரிக்கையிலும் சரியாக வந்துவிட்டது. மிக்க நன்றி, அச்சுக்கு அனுப்புகிறேன்.

ராயபுரம் மூத்தவர்
சற்றுப் பொறுங்கள். ஃபியூஸ் அளவு, கேபிள் தடிமன் ஆகியவற்றுக்கும் ரூட்டில் இயல்பு மதிப்பு இருக்கிறதா? இருந்தால் அவையும் இதே காரணத்தால் தவறாகவே வந்திருக்கும். மேலும், ஓர் அத்தியாயத்திலிருந்து மற்றதற்குக் கீ வழியாக இணைப்புக் கொடுத்திருந்தால், கீஸ்கோப் பெயரை முன்னால் இட்டு ஒரு புள்ளி வைத்து எழுத வேண்டும். இல்லையெனில் இணைப்பு அதே அத்தியாயத்துக்கே திரும்பும்.

தண்டையார்பேட்டை வாசகி
மணலி எழுத்தரே, ஃபியூஸ் அளவைப் பார்த்தீர்களா?